அஞ்சறைப் பெட்டியும் ஆய்வகமும்

நுழையும்முன்

ஒரே பொருளுக்குப் பாடநூலில் ஒரு பெயர், கடையில் ஒரு பெயர், பாட்டியின் வாயில் ஒரு பெயர் வழங்குவது உண்டு. மூன்றும் ஒன்றே என்று அறிந்தால் அறிவியல் நமக்கு அருகில் வந்துவிடும். மத்தியப் பிரதேசத்தில் பணிபுரியும் தமிழாசிரியர் ஒருவர், வேதியியல் பொருள்களைத் தம் மாணவியுடன் தேடிய அனுபவத்தை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறார்.

மாணவச் செல்வங்களே! வேதியியல் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? கண்ணாடிக் குடுவைகளும், வண்ணக் கரைசல்களும், பூட்டிய அலமாரிகளும்தாமே? அந்த அலமாரிக்குள் இருப்பவை நமக்கு எட்டாதவை என்றும், பெரிய நகரங்களில் மட்டுமே கிடைப்பவை என்றும் பலர் எண்ணுகின்றனர். அவற்றுள் பல நம் அடுக்களையிலும், தெருமுனை மளிகைக் கடையிலும், நாட்டு மருந்துக் கடையிலும் அமைதியாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் பெயர் தெரியாத காரணத்தால் நாம் அவற்றைக் கடந்து செல்கிறோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

நான் தமிழ் கற்பிப்பவன். முதுகலைத் தமிழும் கல்வியியலும் பயின்றவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். என்னை அத்துறையின் வாயில்வரை அழைத்துச் சென்றது ஒரு சொற்பட்டியலே.

பட்டியல் வந்த வழி

மத்தியப் பிரதேசத்தில், நருமதை ஆற்றுக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் இட்டார்சி என்னும் ஊர் உள்ளது. சென்னையிலிருந்து தில்லி செல்லும் தொடர்வண்டிகள் நின்று செல்லும் பெரிய சந்திப்பு அது. தொடர்வண்டித் துறையில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் சில அங்கே வாழ்கின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் விருப்பப் பாடமாகத் தமிழ் பயில்கின்றனர். நான் அங்குப் பணியாற்றிய காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். சோடியம் பைகார்பனேட்டு, அசிட்டிக் அமிலம், சிட்ரிக் அமிலம், கால்சியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டு, அம்மோனியம் குளோரைடு, போராக்சு, காப்பர் சல்பேட்டு என எட்டுப் பெயர்கள் அதில் இருந்தன.

“ஐயா, இவற்றுக்குத் தமிழில் பெயர் உண்டா?” என்று அவள் கேட்டாள்.

அறிவியல் கண்காட்சியில் பங்கேற்க அவளுக்கு விருப்பம். ஆயத்தமாக விற்கப்படும் சோதனைப் பெட்டியின் விலையோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அவள் தந்தையின் மாதச் செலவுக் கணக்கில் அதற்கு இடமில்லை. கண்காட்சியை மறந்துவிட்டு, பெயர்களையாவது தமிழில் தெரிந்துகொள்ளலாம் என்று அவள் வந்திருந்தாள். அத்தாளை நான் இருமுறை படித்தேன். ஆப்பச்சோடா, புளிக்காடி, எலுமிச்சை உப்பு, சுண்ணாம்பு, படிகாரம், நவச்சாரம், வெங்காரம், மயில்துத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ்ப்பெயரை எழுதினேன். எழுதி முடித்ததும் அவள் முகம் மாறியது. “சுண்ணாம்பும் ஆப்பச்சோடாவும் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றனவே!” என்றாள். எட்டுப் பொருள்களுள் இரண்டு அந்த நொடியிலேயே கிடைத்துவிட்டன.

பன்சாரி கடையில்

நம் ஊரில் நாட்டு மருந்துக் கடை என்று சொல்வதை வடநாட்டில் பன்சாரி கடை என்பர். இட்டார்சிக் கடைத்தெருவில் அத்தகைய கடை ஒன்றில் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். அவரிடம் அம்மோனியம் குளோரைடு என்றால் தலையசைத்து மறுப்பார். நௌசாதர் என்றால் எழுந்து சென்று, வெண்ணிறக் கட்டி ஒன்றை எடுத்து வருவார். நம் நவச்சாரமும் அவருடைய நௌசாதரும் ஒலியாலேயே உறவினர் என்று தெரியவில்லையா? பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர், பாத்திரத்தின் பரப்பைத் தூய்மையாக்கப் பயன்படுத்தும் உப்பு இதுவே.

படிகாரத்துக்கு அங்கே ஃபிட்கரி என்று பெயர். முடிதிருத்துவோர் சவரத்துக்குப் பின் முகத்தில் தேய்ப்பதும், மழைக்காலத்தில் கலங்கிய நீரைத் தெளியவைப்பதும் இதுதான். வெங்காரத்தைச் சுஹாகா என்பர். பொற்கொல்லர் பொன்னைப் பற்றவைக்கும்போது இதனைத் தூவுவர். சிட்ரிக் அமிலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நிம்பூ கா சத்’, அதாவது எலுமிச்சையின் சத்து. சருபத்துக்கும், பாலைத் திரித்துப் பனீர் செய்வதற்கும் அதனை வாங்குவர். சுண்ணாம்பு வெற்றிலைக் கடையிலும், வினிகர் மளிகைக் கடையிலும் கிடைத்தன.

முதியவர் ஒவ்வொன்றையும் செய்தித்தாள் துண்டில் பொதிந்து, பொதியின்மேல் பென்சிலால் பெயரை எழுதினார். “மாஸ்டர்ஜி, இவை எல்லாம் என்ன நோய்க்கு?” என்று கேட்டார். நோய்க்கு அன்று, படிப்புக்கு என்றேன். அவர் சிரித்துவிட்டு, எலுமிச்சைச் சத்துக்குக் காசு வாங்க மறுத்தார். ஏழு பொருள்களுக்கும் சேர்த்து இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

எட்டாவது பொருளான மயில்துத்தம் உழவர் கடையில் கிடைக்கும். சுண்ணாம்புடன் சேர்த்துப் பயிர்களின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு அது வேண்டும். அது நஞ்சு என்பதால் அதனை வாங்கி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப நான் விரும்பவில்லை. அச்சோதனையை மட்டும் பள்ளி ஆய்வகத்தில், வேதியியல் ஆசிரியரின் மேற்பார்வையில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அப்பன்சாரி கடையில் கந்தகமும் வெடியுப்பும் இருந்தன. அவற்றின் பக்கம் நாங்கள் திரும்பவேயில்லை. எளிதில் கிடைப்பவை எல்லாம் எளிதில் கையாளத்தக்கவை ஆகிவிடா.

ஒரு தாயின் அச்சம்

பொருள்கள் கிடைத்துவிட்டன. எனினும் வேலை தொடங்கவில்லை. மறுநாள் மாணவியின் தாய் பள்ளிக்கு வந்தார். “ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ரசாயனம் எதுவும் எங்கள் வீட்டுக்குள் வேண்டாம்” என்றார்.

இட்டார்சிக்கும் போபாலுக்கும் இடையே தொடர்வண்டியில் இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், போபாலில் இருந்த பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட்டு என்னும் நச்சுவாயு கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மக்களின் உயிரைக் குடித்தது. அத்தாயின் அடுத்த வீட்டில் வாழ்ந்த மூதாட்டி அன்றிரவு போபாலில் இருந்தவர். கண்ணெரிச்சலுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை அவர் வாயாலேயே கேட்டவர் இத்தாய். அவருக்கு ரசாயனம் என்பது பாடநூற்சொல் அன்று. ஓர் இரவின் பெயர்.

அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பொருள் என்ன செய்யும் என்பதை அறியாமல் அதன் அருகில் வாழ்வது எவ்வளவு கொடியது என்பதைத்தானே போபால் கற்பித்தது? ஆகவே நான் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். “அம்மா, ஆரத்தி எப்படிக் கரைப்பீர்கள்?”

“தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் சிறிது சுண்ணாம்பும் சேர்த்தால் சிவந்துவிடும்” என்றார்.

“ஏன் சிவக்கிறது?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அது எனக்குத் தெரியாது. ஆனால் எத்தனை முறை செய்தாலும் சிவக்கும்” என்றார்.

எத்தனை முறை செய்தாலும் ஒரே விளைவு தருவதைத்தான் சோதனை என்கிறோம். மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறமி, காரத்தன்மையுள்ள பொருளைச் சந்தித்தால் செந்நிறம் அடைகிறது. வேதியியலார் இதனை நிறங்காட்டி என்பர். நம் வீட்டுப் பெண்கள் பெயர் சொல்லாமலே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த சோதனை இது. இதை நான் விளக்கியதும் அத்தாய் உடனே இசைந்துவிடவில்லை. “அப்படியானால் நான் உடன் இருப்பேன். நான் சொல்லும் விதிப்படிதான் நடக்க வேண்டும்” என்றார். இதைவிட நல்ல நிபந்தனை வேறு இருக்க முடியாது.

அவர் வகுத்த விதிகள் இவை. பொருள்களை அடுக்களையில் வைக்கக் கூடாது. தம்பியின் கைக்கு எட்டாத தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒவ்வொரு புட்டியிலும் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பெயர்களும் எழுதப்பட வேண்டும். சமையல் பாத்திரத்தைச் சோதனைக்கோ, சோதனைப் பாத்திரத்தைச் சமையலுக்கோ எடுக்கக் கூடாது. எதையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. சன்னல் திறந்திருக்க வேண்டும். சுண்ணாம்பைத் தொடும்போது கண்ணாடி அணிய வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகக் கூடும் என்பதை அவர் ஊரிலேயே கண்டறிந்தவர். கழிப்பறை தூய்மை செய்யும் அமிலமும் சலவைத்தூளும் இப்பெட்டியின் அருகிலேயே வரக் கூடாது. அவ்விரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு வெளிப்படும் என்று நான் சொன்னதும், இவ்விதியைத் தாம் முன்னமே எழுதிய வரிகளுக்கும் மேலாக எழுதிச் சேர்த்தார்.

எளிய பொருள்கள், உண்மையான கேள்விகள்

ஆப்பச்சோடாவில் தொடங்கினோம். கடையில் சமையல் சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. பின்னதில் சோடாவுடன் அமிலப் பொருளும் மாவும் கலந்திருக்கும். ஆகவே உறையைப் படித்து வாங்குவதே முதற்பாடம். சோடாவை இரும்புச் சட்டியில் இட்டு நன்கு வறுத்தால், நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிச் சலவைச் சோடா மிஞ்சும். எட்டுப் பங்கு எடையுள்ள சோடா ஏறத்தாழ ஐந்து பங்காகக் குறையும். தாய் வறுத்தார், மகள் கடைத்தெருவில் எடை பார்த்து வந்தாள். நாற்பது கிராம், இருபத்தாறு கிராம் ஆகியிருந்தது. இன்னும் சிறிது வறுக்க வேண்டும் என்று அவளே சொன்னாள்.

சுண்ணாம்பு நீரில் மிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான். கலக்கி வைத்து, மறுநாள் மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் இறுத்தால் சுண்ணாம்பு நீர் கிடைக்கும். ஆப்பச்சோடாவும் வினிகரும் சேர்ந்து வெளிவிடும் வாயுவைக் குழாய் வழியே அதில் செலுத்தினால், நீர் பால்போல் வெளுக்கும். மூச்சை வாயால் ஊதிப் பார்க்கலாமா என்று மகள் கேட்டதற்கு, உறிஞ்சிவிட்டால் என்ன செய்வாய் என்று தாய் மறுத்துவிட்டார். நவச்சாரத்தை நீரில் இட்டால் குவளை குளிர்ந்தது. அதில் ஒரு சிட்டிகையைச் சுண்ணாம்புடன் சேர்த்தபோது அம்மோனியாவின் நெடி மூக்கை எட்டியது. உடனே குவளை சன்னலுக்கு வெளியே சென்றது.

இவற்றை எல்லாம் விட எனக்கு வியப்பளித்தது படிகாரமே. படிகாரம், வெங்காரம் என்னும் இரு பெயர்களிலும் காரம் உள்ளது. ஆகவே இரண்டும் காரத்தன்மை உடையனவா என்று நான் கேட்டேன். ஒரு தமிழாசிரியனுக்குத் தோன்றக்கூடிய கேள்வி அது. மஞ்சள் தடவிய தாளில் வெங்காரக் கரைசலை விட்டதும் தாள் சிவந்தது. படிகாரக் கரைசலை விட்டபோதோ மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

“காரம் இல்லை என்று தெரிகிறது. ஆனால் அமிலமா, இரண்டும் இல்லாததா என்று மஞ்சளால் சொல்ல முடியாதே” என்றாள் மாணவி. ஏழாம் வகுப்பில் படித்த செம்பருத்தி அவளுக்கு நினைவு வந்தது. செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாறு, அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். படிகாரக் கரைசலில் அச்சாறு அடர் இளஞ்சிவப்பாயிற்று. படிகாரம் அமிலத்தன்மை உடையது! பெயர் ஒன்று சொல்ல, பொருள் வேறொன்று சொன்னது. ஐயம் தீரப் படிகாரக் கரைசலில் ஆப்பச்சோடாவை இட்டாள். வினிகரில் பொங்குவதுபோல் நுரை எழுந்தது. நுரை அடங்கியபின் வெண்ணிறக் கூழ் ஒன்று அடியில் மெல்லப் படிந்தது. அது அலுமினியம் ஹைட்ராக்சைடு. கலங்கல் நீரில் படிகாரத்தை இடும்போதும் இக்கூழே தோன்றி, மண்துகள்களைப் பற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கொண்டு நீரைத் தெளியவைத்த நம் முன்னோரின் பழக்கத்துக்கு அன்று அவ்வீட்டில் ஒரு விளக்கம் கிடைத்தது.

முன்னே நடந்தவர்கள்

எளிய பொருள்களைக் கொண்டு அறிவியல் பயில்வது அந்த மண்ணுக்குப் புதிதன்று. இட்டார்சி அமைந்துள்ள மாவட்டம் இன்று நருமதாபுரம் எனப்படுகிறது. முன்பு அதன் பெயர் ஓசங்காபாத். 1972ஆம் ஆண்டு அம்மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் ‘ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்’ தொடங்கப்பட்டது. மனப்பாடத்தை விடுத்து, எளிய, மலிவான பொருள்களைக் கொண்டு சிற்றூர்ப் பிள்ளைகள் தாமே சோதனை செய்து கற்க அது வழிசெய்தது. 1982இல் உருவான ஏகலவ்யா என்னும் அமைப்பு அதனை வளர்த்தது. 2002இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டாலும், அது எழுப்பிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை.

இந்திய வேதியியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ராய், தம் சிறு சேமிப்பைக் கொண்டு கொல்கத்தாவில் மருந்துப் பொருள்கள் செய்யத் தொடங்கியபோது, வீணாகும் விலங்கு எலும்புகளிலிருந்து பாசுபேட்டு உப்புகளை ஆக்கினார். அவர் தொடங்கிய முயற்சி 1901இல் பெங்கால் கெமிக்கல்ஸ் என்னும் நிறுவனமாக மலர்ந்தது. இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே, ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துச் சிறுவர்களுக்குத் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1861இல் நூலாக வெளிவந்து இன்றும் படிக்கப்படுகின்றன. இவர்கள் இருவரும் பொருளின் விலையைப் பார்க்கவில்லை. அதன் இயல்பைப் பார்த்தனர்.

பெயரும் பொருளும்

கண்காட்சியில் என் மாணவிக்குப் பரிசு கிடைக்கவில்லை. விளக்குகள் எரியும் பெரிய மாதிரிகளுக்கே பரிசுகள் சென்றன. ஆனால் அவள் மேசையின் முன் பெண்கள் கூட்டம் கலையவில்லை. ஃபிட்கரியையும் சூனாவையும் தங்கள் வீட்டில் நாள்தோறும் கையாளும் தாய்மார்கள் அவர்கள். “இது அமிலமா? நாங்கள் தண்ணீரில் போடுகிறோமே, குடிக்கலாமா?” என்று கேட்டனர். சிறிதளவே இட்டு, தெளிந்த நீரை இறுத்து, கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று விடையளித்தவர் மாணவி அல்லர். ரசாயனம் வேண்டாம் என்று சொன்ன அதே தாய்.

மாணவச் செல்வங்களே! தாய்மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் உங்களுக்குத் தமிழ்ச்சொற்கள் பல, வீட்டில் வழங்கும் பழைய சொற்களாக மட்டும் தோன்றலாம். நவச்சாரம், வெங்காரம், மயில்துத்தம் ஆகியவற்றைப் பாட்டியுடன் போய்விடும் சொற்கள் என்று விட்டுவிடாதீர்கள். கைவினைஞர், மருத்துவர், உழவர், தாய்மார் ஆகியோர் நூற்றாண்டுகளாகப் பொருள்களைத் தொட்டறிந்து இட்ட பெயர்கள் அவை. பெயரை இழந்தால், அது சுட்டும் பொருள் கண்முன் இருந்தும் நமக்கு இல்லாததாகிவிடும். பெயரை மட்டும் நம்பினாலும் படிகாரத்தைக் காரம் என்று எண்ணிக்கொண்டிருப்போம். ஆகவே பெயரைக் கேளுங்கள், பொருளைச் சோதியுங்கள், பெரியவர் ஒருவர் உடன் இருக்கும்போது மட்டும் சோதியுங்கள். இவ்வாரம் உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, அதில் உள்ள மஞ்சளிலிருந்து தொடங்குங்கள்.

சொல்லும் பொருளும்

அடுக்களை – சமையலறை
காரம் – அமிலத்துக்கு எதிரான தன்மையுடைய பொருள், உறைப்புச் சுவை
நிறங்காட்டி – நிறமாற்றத்தால் அமிலத்தையும் காரத்தையும் காட்டும் பொருள்
இறுத்தல் – தெளிந்த நீரை மட்டும் வடித்தெடுத்தல்
நெடி – காரமான மணம்
நிபந்தனை – கட்டுப்பாடு

மதிப்பீடு

1. மாணவி தந்த பட்டியலில் இருந்த எட்டுப் பொருள்களின் தமிழ்ப்பெயர்களை எழுதுக.
2. மாணவியின் தாய் அஞ்சியதற்குக் காரணம் யாது? அவ்வச்சத்தை ஆசிரியர் எவ்வாறு மதித்தார்?
3. படிகாரம் அமிலத்தன்மை உடையது என்பதை அறிய மஞ்சள் ஏன் போதவில்லை?
4. “எளிதில் கிடைப்பவை எல்லாம் எளிதில் கையாளத்தக்கவை ஆகிவிடா.” இத்தொடரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
5. படிகாரம், வெங்காரம், நவச்சாரம் ஆகிய சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

செயல்பாடு

உங்கள் வீட்டில் உள்ள ஐந்து பொருள்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் தமிழ்ப்பெயர், நீங்கள் வாழும் மாநிலத்தில் வழங்கும் பெயர், அறிவியற்பெயர், பயன் ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டு, ஒவ்வொன்றையும் கையாளும்போது கொள்ள வேண்டிய எச்சரிக்கையையும் எழுதுக.